கிராமபோன் பிளேட்டுகளுக்கு வடசென்னையில் ஒரு கவுன்டர் வேண்டும்

பொது நூலக இயக்ககத்தின் இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுவது தினமும் நடக்கிறது. அப்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் கிராமபோன் பிளேட்டுகளும் இருக்கும். பித்தளை அண்டாவுக்கும் தேக்கு நிலைக்கும் பேரம் பேசுகிறவர்கள், பிளேட்டுகளைக் காயலான் கடையில் சும்மா போட்டுவிட்டுப் போகிறார்கள். இதைத் தடுக்க உங்கள் துறையால் முடியும் என்று நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தப் பிளேட்டுகளில் இருப்பதில் பாதி எங்கள் தெருக்களின் குரல். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வாழ்ந்தவர். 1938-ல் மறைந்தார். அவர் வாசிப்பில் இன்று நம் காதுக்கு மிஞ்சியிருப்பது சில இசைத்தட்டுகள்தான். வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்க்கக் கூட்டம் கூடிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து மேடையைப் பாடியும் நடித்தும் ஆண்ட கிட்டப்பா 1933-ல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். சினிமாவில் அவர் நடிக்கவே இல்லை. பிளேட் இல்லையென்றால் அவர் குரலும் இல்லை.

நாடகங்களையே பிளேட்டில் பதிந்து 'செட்'டாக விற்ற காலமும் உண்டு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் ஒரு நாடகத்துக்குப் பல தட்டுகள் வேண்டும். நான் பார்த்த ஒரு செட்டில் நடுவில் ஒரு தட்டு இல்லை. கதை பாதியில் அறுந்து நிற்கிறது. காணாமல்போன அந்தத் தட்டு வேறு யாராவது வீட்டில் இருக்கலாம். ஊரில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருந்தால்தான் இரண்டையும் சேர்க்க முடியும்.

1954-ல் வந்த சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்கு வந்தாக வேண்டும். அதனால்தான் யாரும் சீண்டாத சின்ன வெளியீடுகூட அங்கே பத்திரமாக இருக்கிறது. இசைத்தட்டு அந்தச் சட்டத்தில் இல்லை. தமிழில் இத்தனை பாட்டும் பேச்சும் தட்டாக வந்தும், அவற்றை வாங்கி வைக்கும் கடமை எந்த நூலகத்துக்கும் இல்லாமல் போனது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இந்த வேலையைச் செய்கிறது. நல்ல மனசுள்ள சேகரிப்பாளர்கள் சிலரும் செய்கிறார்கள். ஆனால் கொருக்குப்பேட்டையில் இருக்கும் ஒரு பாட்டி பையில் பிளேட்டைச் சுமந்துகொண்டு தரமணிக்குப் போவாரா?

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். வடசென்னையில் ஒரு கிளை நூலகத்தில் இதற்கென ஒரு கவுன்டர் திறங்கள். தட்டைக் கொண்டுவந்தால் பதிவெடுத்துவிட்டு, தட்டை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். இது முக்கியம். தாத்தா வாங்கிய பிளேட்டை அரசாங்கத்திடம் ஒப்படைக்கச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

வேலை தெரிந்த ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இந்தப் பழைய தட்டின் வரி, அதாவது ஊசி ஓடும் பள்ளம், பின்னால் வந்த எல்.பி. தட்டின் வரியைவிட அகலமானது. அதற்கென்று தனி ஊசி வேண்டும். பழைய கிராமபோன் பெட்டியில் வைத்து ஓட்டவே கூடாது, அதன் இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் வரியைத் தின்னும். வேகமும் பார்க்க வேண்டும். ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிந்தவை அல்ல. 74-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும், பாடகரின் குரலே மாறிவிடும். அப்புறம் துடைப்பது. பளபளப்பாகட்டும் என்று கடைகளில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. தட்டில் இருப்பது அரக்கு. ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும். லேபிளை மட்டும் நனைக்கக் கூடாது. அந்த லேபிளையும், பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் படமெடுத்து வைத்தால்தான் பட்டியல் உருப்படியாக இருக்கும்.

உரிமைச் சிக்கல் வரும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது தயங்கலாம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியாகி 60 ஆண்டுகள் வரைதான். நான் சொல்லும் தட்டுகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தைத் தாண்டியவை. பாட்டெழுதியவர் உரிமை தனி. அது இன்னும் மீதமிருக்கும் இடங்களில் நூலகத்துக்குள் மட்டும் கேட்கும்படி வைக்கலாம்.

வடசென்னைக்குப் புதிய நூலகங்களும் படிப்பகங்களும் வந்துகொண்டிருக்கின்றன, சந்தோஷம். அதில் ஒரு மேசை, ஒரு சுழல்தட்டு, ஒரு கணினிக்கு இடம் கிடைக்காதா? ஐப்பசி மழைக்கு முன்பே தொடங்கினால் நல்லது. மழையில் ஒழுகும் பரண்களில்தான் பூஞ்சை பிடித்து நிறைய தட்டுகள் வீணாகின்றன. எந்தக் கிளை, எந்தக் கிழமை என்று மட்டும் அறிவியுங்கள். யார் வீட்டில் பிளேட் இருக்கிறது என்று விசாரித்து, ஆட்களை அழைத்து வரும் வேலையை எங்கள் தெருக்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம். காயலான் கடைக்காரர்களிடமும் நாங்களே பேசுகிறோம்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை நூலக உறுப்பினர் ஒருவர்