வடக்கே தலை வைத்து

ஃபிராங்க்ஃபர்ட்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறாய் என்று அம்மா போனில் கேட்டாள். கிழக்கே என்று சொல்லிவிட்டேன். உண்மையில் வடக்கே. கூரைச் சரிவுக்கு அடியில் உள்ள அறை, கட்டிலை வேறு மாதிரி போட இடமில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டவேண்டாம். இலங்கைத் தமிழர் கடையில் முருங்கைக்காய் கிடைக்கிறது. விலையையும் அவளிடம் சொல்லவேண்டாம்.

நேற்று ராபர்ட் மேயர் தெருவுக்குப் போயிருந்தேன். ஸ்டெர்ன், கெர்லாக் என்ற இரு இயற்பியலாளர்களின் சோதனை நடந்த கட்டடம் அங்கேதான். சுவரில் பலகை வைத்திருக்கிறார்கள். யோசனை ஸ்டெர்னுடையது. 1922 பிப்ரவரியில் அதைச் செய்து முடித்தவர் கெர்லாக். வெள்ளியை உலையில் ஆவியாக்கி, அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே கண்ணாடித் தட்டில் விழவிட்டார்கள். படிந்த வெள்ளி கண்ணுக்கே தெரியவில்லையாம். தன் மட்டரகச் சுருட்டின் கந்தகம் மூச்சுக்காற்றில் கலந்து பட்டதும்தான் கறுத்துத் தெரிந்தது என்று பின்னாளில் ஸ்டெர்னே சொன்ன கதை. கடைசியில் கிடைத்தது இரண்டு கோடுகள். நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்.

எலக்ட்ரானின் சுற்றுப்பாதை சில திசைகளில் மட்டுமே நிற்கும் என்பதற்கு இதுவே சாட்சி என்று கெர்லாக் உடனே இயற்பியலாளர் நீல்ஸ் போருக்கு அஞ்சலட்டை போட்டார். ஆனால் வெள்ளியின் கடைசி எலக்ட்ரான் 5எஸ் என்ற ஆர்பிட்டாலில் அல்லவா இருக்கிறது? அங்கே சுற்றின் அளவைச் சொல்லும் எண்ணான எல் பூஜ்யம்; எல் பூஜ்யம் என்றால் அந்தச் சுற்றின் திசையைச் சொல்லும் எம்மும் பூஜ்யம்தான். பிரிய வழியே இல்லை. எல் 1 ஆக இருந்தாலும் மூன்று கோடுகள் வந்திருக்கவேண்டும். இரண்டு வந்ததற்குக் காரணம் எலக்ட்ரானின் தற்சுழற்சி (ஸ்பின்), அந்தக் கருத்தே 1925-இல்தான் வந்தது. விடை சரி, காரணம் தப்பு. நீங்களாக இருந்தால் பாதி மார்க்தான் போட்டிருப்பீர்கள்.

இனி என் வழக்கு. எல் 1 ஆக உள்ள மூன்று பி ஆர்பிட்டால்களில் எம் பூஜ்யம் என்றால் பிஇசட், +1 பிஎக்ஸ், -1 பிஒய் என்று நீங்கள் போர்டில் எழுதுவீர்கள். இசட் சரி. மற்ற இரண்டும் அப்படி இல்லை அப்பா. +1, -1 இரண்டுமே இசட் அச்சைச் சுற்றி வடை போல இருப்பவை; ஒன்றில் எலக்ட்ரான் இடமாகச் சுற்றுகிறது, மற்றதில் வலமாக. இரண்டையும் சரிபாதி ஒரு விதமாகக் கலந்தால் பிஎக்ஸ், இன்னொரு விதமாகக் கலந்தால் பிஒய். அந்த டம்பெல் படங்கள் நம் வசதிக்கு வரைந்தவை. இசட் எந்தப் பக்கம் என்று கேட்டால், காந்தப்புலம் இருக்கும் பக்கம். புலம் இல்லாவிட்டால் மூன்றுக்கும் ஆற்றல் ஒன்றே, அணுவுக்கு வடக்கும் இல்லை தெற்கும் இல்லை. அம்மாவின் சாஸ்திரம் அங்கே செல்லாது.

பீரோவில் உங்கள் பழைய பாடக்குறிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பென்சிலால் திருத்திவிட்டு அனுப்பினாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் அன்பு மகன்