மழைக்கு ஒதுங்கிய சிறுத்தையைத் தட்டி எழுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்தாலே கூடவே மழையும் வந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் டிசம்பரில்தான் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். எங்கே கூட்டிப்போவது என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் கடைத்தொகுதிதான் பதில். விலங்குத் தோட்டம் என்று யாராவது வாயெடுத்தால், "மழையில போய் என்னத்தப் பார்க்கிறது? எல்லாம் உள்ளே போய்ப் படுத்துக்கும்" என்று அடக்கிவிடுகிறார்கள். மீறிப் போகிறவர்களிலும் சிலர், கொடுத்த காசு வீண் என்று குறைப்பட்டுக்கொண்டே திரும்புகிறார்கள். அந்தக் குறை நியாயமில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் அம்மா, அண்ணன் குடும்பம் என்று எல்லோருமாக மண்டாயில் உள்ள சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்துக்குப் போனோம். காலையில் தூறலாக இருந்தது, நாங்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கொட்டத் தொடங்கியது. கூட்டம் சிதறிக் கூரை தேடி ஓடியது. நாங்கள் ஒராங் ஊத்தான்கள் இருக்கும் பக்கம் குடையோடு நின்றுவிட்டோம். மேலே ஒரு பெண் ஒராங் ஊத்தான் இலைக்கொத்து ஒன்றை ஒடித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காற்று திசை மாறியதும் கொத்தையும் அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தது. முழங்கையிலிருந்து தொங்கிய செம்பட்டை முடியின் நுனியில் தண்ணீர் கோத்துக் கோத்துச் சொட்டியது. காட்டில் வாழும் ஒராங் ஊத்தான்களும் மழைக்கு இப்படித்தான் இலைகளைப் பிடித்துக்கொள்ளும். வெயில் நாளில் அந்த இடத்தில் கைப்பேசிகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பதே பெரும்பாடு. அன்று அம்மா நாற்காலி போட்டதுபோல நிதானமாக நின்று பார்த்தார்.

அப்புறம் சிறுத்தை இருக்கும் இடத்துக்குப் போனோம். அது பின்னால் ஒரு மறைவில் சுருண்டு படுத்திருந்தது. வால் நுனி மட்டும்தான் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தந்தை, மகனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்து, "ஏய், வா வா, வெளியே வா" என்று கத்தினார். வால் நுனி ஒரு முறை அசைந்தது, அவ்வளவுதான். அவர் மறுபடியும் அறைந்தார். பிள்ளையும் கற்றுக்கொண்டு அறைய ஆரம்பித்தான். பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை, பிள்ளைக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் மழைக்கு ஒதுங்க நமக்குக் கூரை வேண்டுமென்றால் அதற்கும் வேண்டாமா?

நம் விலங்குத் தோட்டம் 1973 ஜூன் 27ஆம் தேதி திறக்கப்பட்டபோதே கூண்டுக் கம்பிகளைத் தவிர்த்து, அகழிகளையும் செடிகொடிகளையும் வைத்துப் பிரிக்கும் திறந்தவெளி முறையில் அமைக்கப்பட்டது. உலகம் முழுவதும் அதைப் பாராட்டுகிறார்கள், நாமும் பெருமைப்படுகிறோம். கூண்டு இல்லை என்றால் விலங்கு தன் விருப்பப்படி வெளியே வரும், மறைவுக்கும் போகும். மறைவிடம் உள்ள இடம்தான் நல்ல இடம். எந்நேரமும் கண்முன்னால் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்றால் அது பழைய கூண்டுதான்.

இனூக்காவைப் பலருக்கு நினைவிருக்கும். 1990இல் இங்கேயே பிறந்த துருவக்கரடி, வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக்கரடியும் அதுதான். 2018 ஏப்ரலில் முதுமையில் உடல் நலிந்து, கருணை அடிப்படையில் அதன் உயிர் பிரிய விடப்பட்டது. இனிமேல் துருவக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று விலங்குத் தோட்டம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே முடிவெடுத்திருந்தது. கூட்டத்தை இழுக்கும் ஒரு விலங்கையே அதன் நலனுக்காக வேண்டாம் என்று விட முடிந்திருக்கிறது. அரை மணி நேரம் ஒரு சிறுத்தையைத் தூங்க விடுவது நமக்கு அவ்வளவு கஷ்டமா?

மழையில் பார்க்க எதுவுமே இல்லை என்பதும் தவறு. நீர்நாய்களுக்கு நனைவது ஒரு பொருட்டே இல்லை. மலாயாத் தப்பீர் தண்ணீரை விரும்பும் விலங்கு. மழையே பிடிக்காதவர்கள் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும் கூடத்துக்குள் நுழைந்துவிடலாம். பக்கத்தில் ரிவர் ஒண்டர்ஸ் என்ற விலங்குப் பூங்காவில் 2012இல் வந்த காய் காய், ஜியா ஜியா பாண்டாக்கள் குளிர்சாதன வசதியுள்ள கூடத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம் என்பதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், வாசலில் அழுகை இருக்காது. இடி மின்னல் இருந்தால் மட்டும் பணியாளர் சொல்வதைக் கேட்டு உடனே ஒதுங்கிவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

மாலையில் மழை விட்டதும் அண்ணன் காரில் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையத்துக்குப் போனோம். கடற்காற்று, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள், சம்பல் தடவிச் சுட்ட திருக்கை மீன், சாத்தே. சாப்பாட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்த ருசிதான். சொல்ல வேண்டியது மேசையைச் சுற்றி நடந்தது. சாரலுக்கு ஒதுங்கியிருந்த மைனாக்கள் ஒவ்வொன்றாக வந்தன, பின்னாலேயே காகங்கள். பக்கத்து மேசைப் பிள்ளைகள் சோற்றை வீச ஆரம்பித்தார்கள். பெற்றோர் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள்.

எங்கள் மேசையிலும் ஒன்று நடந்தது. அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பது அந்தக் காலத்துப் பழக்கம். காகத்தைக் கண்டதும் கை தானாக ஒரு பிடி சோற்றை எடுத்துவிட்டது. மேசை துடைத்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் மெதுவாக, "ஜாங்கான் பகி மக்கான், மக்சிக்" (சாப்பாடு போடாதீங்க அம்மா) என்றார். அண்ணன் மகன் உடனே, "பாட்டி, பள்ளியில சொன்னாங்க, இங்க பறவைக்குச் சாப்பாடு கொடுத்தா அபராதம்" என்றான். அம்மா சோற்றைத் தன் தட்டிலேயே வைத்துவிட்டு, "சரிப்பா, மனசுல நினைச்சுக்கிறேன், முன்னோர் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார்.

பையன் சொன்னது சரி. 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவு கொடுப்பது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தைவிட அதன் காரணம்தான் எனக்கு முக்கியம். நாம் வீசும் சோற்றால் பறவைகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன, மனிதரிடம் பயம் போய்த் தட்டிலேயே கைவைக்கின்றன. மேசையில் எச்சம் விழுகிறது, நாமே புகார் கொடுக்கிறோம், கடைசியில் காகங்களுக்குப் பொறி வைக்கிறார்கள். சோறு போட்டவரின் அன்பு காகத்தின் உயிருக்கே வினையாகிறது. இந்த வட்டாரத்தின் வீட்டுக் காகம் இந்த மண்ணைச் சேர்ந்ததே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். நம் பாட்டன்மாரைப் போலத் தோட்ட வேலைக்கென்று கடல்தாண்டி வந்த பறவை! அதன்மேல் நமக்குப் பாசம் இருப்பதில் தப்பில்லை. அந்தப் பாசத்தைச் சோறாகக் காட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு வேண்டுகோள்கள். மழை நாள்களில் விலங்கு வெளியே தெரியாத இடங்களில், 'இப்போது ஓய்வெடுக்கிறது, பொறுமையாகப் பாருங்கள்' என்று ஒரு சிறு பலகையைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் மாட்டிவைத்தால், கண்ணாடியில் விழும் அடி நிச்சயம் குறையும். கடலோர உணவங்காடி நிலையங்களில், பறவைகளுக்கு உணவு தரக்கூடாது என்ற அறிவிப்பை உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கண்ணில் படும்படி மேசைமேலேயே ஒட்டலாம். மேசை துடைக்கும் முதியவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அன்று பக்கத்து மேசையில் அந்தப் பெரியவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் அங்கும் துணியோடு நின்று, தட்டில் ஏறிய மைனாக்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்