வந்துட்டாருன்னு கேட்டது

அம்பாசமுத்திரம்,
வைகாசி 22.

எலே சம்முவம்,

நீ எம்மேல வருத்தமா இருக்கேன்னு முக்கூடல்காரன் சொல்லித்தான் தெரியும். வருத்தப்படாம என்ன செய்வ? மாசியில போன் பண்ணி "அண்ணாச்சி எறந்துட்டாரு"ன்னு நீ சொல்லுத, நான் "ரொம்ப சந்தோசம்லே, நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லு, நாளைக்குப் பேசுதேன்"னு வச்சிட்டேன். என்னையச் செருப்பால அடிக்கணும். ஆனா சத்தியமாச் சொல்லுதேன், எனக்குக் கேட்டது "வந்துட்டாரு". ஆஸ்பத்திரியில இருபது நாளாக் கெடந்த மனுசன் வீட்டுக்கு வந்துட்டாருன்னு நெனச்சு, அன்னைக்கு சாயங்காலமே பிள்ளையாருக்கு வெடலை போட்டேன். பன்னெண்டு நாள் கழிச்சு முக்கூடல்காரன் டீக்கடையில வச்சு "பம்பாய்ல காரியமெல்லாம் முடிஞ்சிட்டா"ன்னு கேக்கான். "என்ன காரியம்?"னு நான் கேக்கேன். அவன் முழிச்ச முழி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கி.

அதுக்குப் பொறவு நீ ரெண்டு தடவை கூப்பிட்ட. எடுக்கல. எடுத்தா திரும்பவும் எதையாவது தப்பாக் கேட்டு, எதையாவது உளறி வைப்பேன்னு பயம். அதான் முப்பது வருசத்துக்கு அப்புறம் இன்லண்டு லெட்டர் காலத்து ஆளு மாதிரி பேனாவைத் தூக்கியிருக்கேன். அண்ணாச்சி வீட்டு மதினிகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டு. ஒளிக்காத.

இங்க எல்லாரும் சௌக்கியம். மழை இல்ல. மூத்தவன் திருப்பூர்லயேதான் இருக்கான். உன் தங்கச்சிக்கு முட்டுவலி. சரி, காது விசயத்துக்கு வாரேன்.

2020-ல ஊரடங்கு போட்டாங்கள்லா? பஸ் இல்ல, ரைஸ் மில் ஓடல, கோயில்ல மணி இல்ல. ஊரே செத்த மாதிரி கெடந்துச்சு. அப்பதான் ஒரு நாள் ராத்திரி வீட்டுக்குள்ள சில்வண்டு கத்துதது கேட்டுச்சு. ஒத்தைச் சில்வண்டு, விடாம, "ஙீங்ங்ங்"னு. டார்ச் லைட்டை வச்சுத் தேடுனேன். பத்தாயத்தை நவுத்தினேன். பரண்மேல கெடந்த நம்ம பழைய சாமானை எல்லாம் எறக்கினேன். ஒரு வாரம். உன் தங்கச்சி "எனக்கு ஒண்ணும் கேக்கலியே"ங்கா. "ஒனக்குக் காது மந்தம்ளா"ன்னு அவளைச் சொன்னேன் பாரு, அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய தமாசு.

பொறவு திருச்செந்தூர் போய் லாட்ஜுல ஒரு ராத்திரி தங்கினோம். அங்கயும் அதே சில்வண்டு. தலைகாணியில காதை அமுக்கினா இன்னும் கூடுது. அப்பதான் வயித்தைக் கலக்கிச்சு. முருகன்கிட்டயும் அதைக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் மூணு வருசம் நான் பண்ணின கூத்து கொஞ்ச நஞ்சமில்ல. பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயை ஊத்திக்கிட்டேன். பட்ஸை விட்டுக் கொடைஞ்சு அழுக்கை உள்ள தள்ளினதுதான் மிச்சம். ஒரு தனியார் கிளினிக்குல பத்து நிமிசம்கூட உக்கார வைக்காம "வயசாயிட்டுல்லா, பழகிக்கிடுங்க"ன்னு அனுப்பினான். இன்னொருத்தன் "நூத்துக்கு நூறு குணம்"னு போர்டு போட்டு மூணு மாசம் மாத்திரை வித்தான். மாத்திரையும் தீந்துச்சு, துட்டும் தீந்துச்சு, சில்வண்டு மட்டும் அப்படியே இருந்துச்சு.

அதைவிட மோசம் என்னன்னா, ஆட்களை விட்டு ஒதுங்கிட்டேன். கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்தா நாலு பேரு பேசுதது ஒரே இரைச்சலாத்தான் வருது. எல்லாத்துக்கும் தலையை ஆட்டிச் சிரிச்சு வச்சேன். கல்லிடைக்குறிச்சியில எழவு விழுந்த ஒரு துட்டி வீட்டுலயும் அதே சிரிப்பு வந்துட்டு. அன்னையிலிருந்து எங்கயும் போகல. திமிரு பிடிச்சவன்னு பேரு வாங்கினதுதான் மிச்சம். செவிடன்னு பேரு வாங்குததுக்கு அது தேவலன்னு இருந்தேன்.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி. உறக்கம் வரல. எந்திச்சுப் படித்துறைக்குப் போனேன். தண்ணி சத்தம் கேட்டா சில்வண்டு அடங்கும், அதுக்காகத்தான் போனேன். அகஸ்தியர் அருவிக்குப் பக்கத்துல நின்னா எனக்கு ஒண்ணுமே இருக்காது, கேட்டியா. ஆனா அன்னைக்குக் கடைசிப் படியில காலை விட்டு உக்காந்திருந்தப்ப மனசுல ஓடினது எல்லாம் நல்லது இல்ல. திரும்பிப் பாத்தா பின்னால ரெண்டு படிக்கு மேல உன் தங்கச்சி, முட்டுவலியோட, டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. எம்புட்டு நேரமா நின்னாளோ. எனக்குத்தான் காலடிச் சத்தம் கேக்காதே. ஒண்ணும் சொல்லல. "வாங்க, விடியக்காலம் மொத பஸ்ஸுல பாளையங்கோட்டை ஐகிரவுண்டு கவருமெண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னா. அம்புட்டுதான்.

காது மூக்கு தொண்டைப் பிரிவுல டாக்டர் அழுக்கை எடுத்துட்டு, ஒரு இரும்புக் கவையைத் தட்டி நெத்தியில ஒரு தடவை, காதுக்குப் பின்னால எலும்புல ஒரு தடவை வச்சாரு. பொறவு பரிசோதனை ரூம்புக்கு அனுப்பினாங்க. சுவரெல்லாம் மெத்தை தச்ச ரூம்பு. நாம ரெண்டு பேரும் ஒரு காலத்துல கனவு கண்ட ரெக்கார்டிங் ரூம்பு மாதிரியே இருந்துச்சு. ஹெட்போனை மாட்டி, "பீப்னு கேட்டா பொத்தானை அழுத்துங்க தாத்தா"ன்னு ஒரு சின்னப் பிள்ளை சொல்லுது. ஆடியாலஜிஸ்டாம். எனக்கு எது பீப், எது என் சில்வண்டுன்னு தெரியல. சும்மா சும்மா அழுத்தினேன். அந்தப் பிள்ளை கண்டுபிடிச்சிட்டு. உடனே சத்தத்தை விட்டு விட்டு வர்ற மாதிரி மாத்திச்சு, அப்பதான் ரெண்டையும் பிரிச்சுக் கேக்க முடிஞ்சுது.

வரைஞ்சு தந்த கோட்டைப் பாத்தா, இடது பக்கம் ரோடு மாதிரி நேராப் போகுது, கீச்சுச் சத்தம் இருக்குத நாலாயிரம் ஹெர்ட்ஸுகிட்ட வந்ததும் மாஞ்சோலை எறக்கம் மாதிரி சர்ருன்னு கீழ விழுது. சத்தத்துல கெட்ட காதுக்கு அடையாளமே அந்தப் பள்ளம்தானாம். "தாத்தா என்ன வேலை பாத்தீங்க?"ன்னு கேட்டுச்சு. "ரேடியோ செட்டும்மா, கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் கட்டுதது. 1984-லிருந்து 2019 வரைக்கும்"னேன். அது சிரிக்கல.

உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருளாம். அதுல ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர் செல்லு. கீச்சுச் சத்தம் வாங்குதது வாசல் பக்கம் இருக்கு, அதான் மொதல்ல அடி வாங்கிச் சாவுது. செத்தா மனுசனுக்குத் திரும்ப மொளைக்காது. 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரம் நிக்கலாம். மூணு டெசிபல் கூடக் கூட நேரம் பாதி பாதியாக் கொறையும். 100-க்கு வந்தா கால் மணி நேரம்தான். நாம சாமக்கொடைக்குக் குழாயைப் பனைமரத்துல கட்டிட்டு, அதுக்கு அடியிலயே சாக்கை விரிச்சு விடிய விடிய உறங்கினோமே, அதைச் சொன்னேன். "உறங்கினீங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு.

சரி, செத்த செல்லு சும்மா கெடக்க வேண்டியதுதானே, சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேட்டேன். காதுலேருந்து சேதி வரலைன்னா மூளை தன் வால்யூமைத் தானே கூட்டிக்கிடுதுன்னுதான் பெரும்பாலும் நெனைக்காங்களாம். எனக்கு ஒடனே வெளங்கிட்டு. மைக் வயரு அத்துப்போயி வில்லுப்பாட்டு கேக்கலைன்னு ஊர்க்காரன் கத்தினா நீ என்ன செய்வ? ஆம்ப்ளிஃபயர் பெட்டியில வால்யூம் திருகை முழுசாத் திருகுவ. குழாயில என்ன வரும்? பாட்டு வராது, "ங்ங்ங்"னு இரைச்சல் வரும். இப்ப என் மண்டைக்குள்ள யாரோ திருகைத் திருகி வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டான். உன்னைத்தான் சந்தேகப்படுதேன்.

இதை நிறுத்துத மாத்திரை கெடையாதுன்னு அந்தப் பிள்ளை நேராச் சொல்லிட்டு. அந்த நேர்மைதான் எனக்கு மொதல் மருந்து. ஆனா வழி இருக்கு. சுத்தமான அமைதியில உக்காரக் கூடாது. ராத்திரி ஃபேனோ, லேசான ஏதாவது சத்தமோ ஓடணும். பயந்தா கூடும், கூடினா பயம் வரும், அந்தச் சக்கரத்தை அறுக்கணும். வெளிச் சத்தம் காதுக்குள்ள போனா மூளை திருகைக் கொஞ்சம் எறக்கும், அதனால காதுக் கருவி மாட்டணும். நான் என்ன பண்ணுதேன் தெரியுமா? அப்பா வச்சிருந்த பழைய ரேடியோவுல, திருநெல்வேலி ஸ்டேஷனுக்கும் அந்தக் காலத்து சிலோனுக்கும் நடுவுல ஒண்ணுமில்லாத எடம் இருக்குல்லா, அங்க முள்ளை நிறுத்திட்டு உறங்குதேன். "ஸ்ஸ்ஸ்"ங்கும். தூத்தல் மழை மாதிரி.

கருவி வாங்கியாச்சு. ரெண்டு காதும் 60 டெசிபலுக்கு மேல போயிருந்தா மாற்றுத்திறனாளி அட்டை வாங்கி, அரசாங்கத்துலயே கேட்டிருக்கலாம். எனக்கு அம்புட்டு இல்ல. கடைசியா வாங்கின ஆம்ப்ளிஃபயரை வித்தேன், மிச்சத்துக்கு மூத்தவன் அனுப்பினான். பதறாத, நம்ம மொதல் பெட்டி பரண்லதான் இருக்கு.

பேட்டரி துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெருசு. முதுகுல ஆரஞ்சு ஸ்டிக்கர். அதை உரிச்ச ஒடனே போடக் கூடாது, ஒரு நிமிசம் காத்து வாங்க விடணும், காத்து பட்டாத்தான் அதுக்கு உசுரே வரும். ஒரு வாரம் பத்து நாள் ஓடும். தீரப்போகும்போது அதுவே காதுக்குள்ள மணியடிச்சுச் சொல்லும். மொத நாள் மாட்டிட்டு வெளிய வந்தா, பாலிதீன் கவர் கசங்குத சத்தம் தகரத்தைக் கிழிக்கது மாதிரி. வண்ணார்பேட்டையில ஒரு பஸ்காரன் ஏர்ஹார்ன் அடிச்சான், கருவியைக் கழத்தி எறிஞ்சிட்டு ஓடிரலாமான்னு இருந்துச்சு. பொண்ணு வயித்துப் பேத்தி ஓடிவந்து கழுத்தைக் கட்டினா, கருவி "ஊய்ங்"னு விசிலடிக்குது. முப்பத்தஞ்சு வருசம் மைக்கையும் குழாயையும் தள்ளித் தள்ளி வச்சு விசில் வராமக் காத்த கை, தன்னால காத்துல திருகைத் தேடுச்சு பாரு. பிள்ளை சிரிச்ச சிரிப்பு, அந்தக் கீச்சு, முழுசாக் கேட்டுச்சு.

சில்வண்டு போகல. இதை எழுதும்போதும் கத்துது. ஆனா அது இப்ப பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. நெனச்சாத்தான் கேக்கும்.

அன்னைக்குப் பாளையங்கோட்டையில பஸ்ஸுக்கு நிக்கும்போது, காது கேக்காத பிள்ளைக படிக்குத பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாத்தான் இருக்கணும், நாலு பேரு கையாலயே சண்டை போட்டுக்கிட்டு நின்னானுவ. அதுல ஒருத்தன் சொன்ன ஏதோ நையாண்டிக்கு மத்த மூணு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சானுவ. ஒரு எழுத்துகூடச் சிந்தல. நான் நாலு எழுத்து கேக்கலன்னு மூணு வருசம் மூலையில உக்காந்திருந்தவன். பஸ் வந்ததுகூடத் தெரியாமப் பாத்துக்கிட்டு நின்னேன்.

இப்ப நீ. தப்பிச்சிரலாம்னு நெனைக்காத. போன கொடைக்கு வந்தப்ப டீக்கடையில எல்லாரையும் உனக்கு வலது பக்கமா உக்காரச் சொன்ன. டிவியை அலற விட்டுட்டு, சின்னத்தம்பி முணுமுணுன்னு பேசுதான்னு குத்தம் சொன்ன. குழாய்க்கு அடியில நீ எப்பவும் இடது காது மேல பாக்கத்தான் படுப்ப. போன்ல நான் என்ன சொன்னாலும் "ஆமா ஆமா"ங்க. தை மாசம் உங்கிட்ட நம்ம ஒச்சாங்கைப் பாட்டாவோட பேரனுக்கு ஜெயில்னு சொன்னேன், "நல்ல வேலையாப் பாத்துச் சேந்துட்டானே"ன்ன! அன்னைக்குச் சிரிச்சிட்டேன். இப்ப சிரிப்பு வரல. ரெண்டு செவிடன் ஆறேழு வருசமா எஸ்டிடி பேசிக்கிட்டு இருந்திருக்கோம்லே.

அதுல கொடுமை என்னன்னா, தவில் கேக்கும், லாரி கேக்கும், கேக்குதுன்னுதான் நெனப்போம். ச, த, ப, க மாதிரி மெல்லிசு எழுத்துதான் உதுந்துபோகும். உதுந்த எடத்துல மனசு தனக்குப் பிடிச்ச எழுத்தைப் போட்டுக்கிடும். "...ந்துட்டாரு"ன்னு வந்துது. எனக்கு அண்ணாச்சி வீட்டுக்கு வரணும். போட்டுக்கிட்டேன்.

பம்பாய்லயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கும், காட்டு. ஒரு காது திடீர்னு அடைச்சு ஒரே நாள்ல கேக்காமப் போனா, சளின்னு உக்காந்திராத, அன்னைக்கே ஓடு. அதுக்கு மருந்து ஆரம்ப நாள்லதான் பிடிக்குமாம். ஒரு காதுல மட்டும் இரைஞ்சாலும், நாடித் துடிப்பு மாதிரி அடிச்சாலும் கட்டாயம் காட்டணும். உன் மகன் எந்நேரமும் இயர்போனும் கையுமாத் திரியுதானே, அவனையும் கூட்டிட்டுப் போ. இல்லைன்னா ஆடிக் கொடைக்கு வா. மொத நாள் ஐகிரவுண்டு, மறுநாள்தான் சுடலைமாடன் கோயில்.

இனிமே போன் வேண்டாம், வீடியோ கால் போடு. வாயைப் பாத்தா பாதி வெளங்கும். அந்த மீசையை மட்டும் கொஞ்சம் கத்தரிச்சுக்க.

சில்வண்டைத் தேடிப் பரணை எறக்கினப்ப ஒரு மணியார்டர் துண்டு கெடைச்சுது. 1984-ல பெட்டி வாங்க அண்ணாச்சி தாராவியிலிருந்து அனுப்பின 600 ரூபாய். ஓரத்துல "கணக்கு எழுதி வைக்கவும்"னு அவரு கையெழுத்து. நாம எழுதவே இல்ல. இதோட வச்சிருக்கேன். மதினிகிட்ட குடு.

உன்,
மாடசாமி