எந்த ஊரில் குடியேறுவது? அடிலெய்டிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மின்னஞ்சலை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானும் என் மனைவியும் சேர்ந்து படித்தோம். விசாவுக்கான திறன் மதிப்பீடு நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பையன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை. உன் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? எழுதும்போது அதையும் எழுது.

சரி, ஆஸ்திரேலியாவில் எந்த ஊரில் குடியேறுவது என்ற உன் கேள்விக்கு வருகிறேன். சிட்னியில் இருக்கும் உன் சித்தப்பா மகன் அங்கே வரச் சொல்கிறான். பெர்த்தில் சம்பளம் கூட என்கிறார் உன் மேலதிகாரி. வயாலா இரும்பாலைப் பக்கம் போனால் உன் வெல்டிங் அனுபவத்துக்கு உடனே வேலை என்கிறார் ஏஜென்ட். நீ என்னைக் கேட்கிறாய். நான் இருக்கிற ஊர் என்பதற்காக அடிலெய்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. நீ, உன் மனைவி (எனக்குத் தங்கச்சி), உங்கள் பாப்பா, உன் அம்மா என்று உன் வீட்டு நாலு பேரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் விசா. உன் புள்ளிக் கணக்கைப் பார்த்தால் 491 என்ற பிராந்தியத் தற்காலிக விசாதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மாநிலப் பரிந்துரை கிடைத்தால் அதில் 15 புள்ளி கூடும். 190 என்ற நிரந்தர விசாவுக்கு 5 தான். ஆனால் 491-இல் வந்தால் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றிலும் குடியிருக்க முடியாது. பிராந்தியப் பகுதி என்று அரசு குறித்திருக்கும் இடங்களில்தான் வசிக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும், படிக்க வேண்டும். அடிலெய்டு அதில் வரும். பெர்த்தை 2019 நவம்பரில் சேர்த்தார்கள். விசா 5 வருடத்துக்கு. 3 வருடம் இருந்து, வரிக் கணக்கும் ஒழுங்காகக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போகலாம். எந்த மாநிலம் என்று இப்போது நீ எழுதிக் கொடுப்பது குறைந்தது மூன்று வருட வாழ்க்கை. அதுவும் பாப்பாவுக்குப் பள்ளியின் கடைசி மூன்று வருடம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அதிகம் சம்பாதிக்கப் போகிறவரை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதே. யார் அதிக நேரம் தனியாக இருக்கப் போகிறார்களோ, அவரை வைத்துத் தேர்ந்தெடு. வேலைக்குப் போகிறவனுக்கு எந்த ஊரிலும் நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை.

இந்தக் கணக்கில்தான் பெர்த் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பெர்த் அழகான ஊர், இந்தியாவோடு நேர வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான், சம்பளமும் நீ கேள்விப்பட்டது போலத்தான். ஆனால் உன் மாதிரி மெக்கானிக்கல் ஆட்களுக்குப் பெரிய சம்பளம் கிடைப்பது வடக்கே சுரங்கங்களில். விமானத்தில் போய் இரண்டு வாரம் அங்கேயே முகாமில் தங்கி வேலை, அப்புறம் ஒரு வாரம் வீடு என்று சுற்றி வரும் முறை. ஃபைஃபோ என்பார்கள். நீ முகாமில் இருக்கும் இரண்டு வாரமும் தங்கச்சி நைட் டியூட்டிக்குப் போனால் வீட்டில் யார்? வந்த புதிதில், பாஷை பழகாத அம்மாவும் பதினாலு வயதுப் பெண்ணும்தான். பணத்துக்காக அதை முதல் வருடமே ஏற்றுக்கொள்ள வேண்டாம் மாப்பிள்ளை.

சிட்னி பற்றி உன் தம்பி சொல்வது எல்லாம் உண்மை. வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் நடந்தால் முருங்கைக்காயிலிருந்து இட்லி ரவை வரை கிடைக்கும், தெருவில் தமிழ் காதில் விழும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழைப் பாடமாக எடுத்தே எழுதலாம். 190 கிடைத்தால் யோசிக்கலாம். அதற்காக வயதுப் புள்ளி குறையும்வரை காத்திருக்காதே. 40 வயதைத் தொட்டால் 10 புள்ளி போய்விடும், உனக்கு அது தூரத்தில் இல்லை.

வயாலாவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளு. இங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். ஊரே அந்த ஒரு ஆலையை நம்பி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் மாநில அரசே தலையிட்டு ஆலையை நிர்வாகியின் கையில் ஒப்படைத்தது. அது மறுபடி நிமிரட்டும், நிமிர வேண்டும் என்பதே எல்லோருடைய ஆசையும். ஆனால் புதிதாக வருகிற குடும்பம் ஒற்றை ஆலை ஊரில் கால் ஊன்றக் கூடாது. அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் என்று ஒரு பகுதி. 1955-இல் உருவாக்கி, கப்பலில் வந்த பிரிட்டிஷ் குடும்பங்களை நிறையப் பேரைக் குடிவைத்தார்கள். அங்கே ஹோல்டன் கார் தொழிற்சாலை வந்தது, அப்பா மகன் என்று தலைமுறையாக வேலை பார்த்தார்கள். 2017 அக்டோபர் 20 அன்று மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் என் பழைய பட்டறையில் இருந்தார். அந்தக் கடைசி நாளைப் பற்றிப் பேசினால் அவருக்குக் குரல் கம்மிவிடும். பெருநகரத்தின் ஓரம் என்பதால் அவர் வீட்டை மாற்றாமல் வேறு வேலை தேடிக்கொள்ள முடிந்தது. வயாலாவில் அதற்கு வழி குறைவு.

அடிலெய்டில் இருக்கும் ஆஸ்பர்ன் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். போர்க்கப்பல் வேலை நடக்கிறது, நீர்மூழ்கிக் கப்பலும் அங்கேதான் கட்டப் போகிறார்கள், வெல்டிங் தெரிந்தவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அங்கே பெரும்பாலான வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அதற்குக் குடியுரிமை வேண்டும். நீ 491-இல் வந்து, நிரந்தர விசா வாங்கி, அதற்கு மேல் ஒரு வருடமாவது கழித்துத்தான் குடியுரிமைக்கு எழுத முடியும். ஆகவே அதை நம்பி வராதே. முதல் வேலை சின்னப் பட்டறையிலோ பராமரிப்பு கம்பெனியிலோ கிடைக்கும், அதற்கும் சில மாதம் ஆகலாம்.

தங்கச்சி கதை வேறு. நர்ஸ் பதிவு 2010-இலிருந்து நாடு முழுவதுக்கும் ஒன்றுதான். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேறிவிட்டால் எந்த மாநிலத்திலும் வேலை பார்க்கலாம். உனக்கு முன்னால் அவருக்குத்தான் நிலையான சம்பளம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அவருடைய ஆஸ்பத்திரியை நடுவில் வைத்து வீடு பார். ராயல் அடிலெய்டு மருத்துவமனை நகர மையத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். லயல் மெக்யூவின் மருத்துவமனை வடக்கே எலிசபெத் வேலில். இரண்டுக்கும் இடையில் மாசன் லேக்ஸ் என்ற ஏரிக்கரைக் குடியிருப்பு. ரயில் இருக்கிறது, வடக்கே போனாலும் தெற்கே போனாலும் தூரம் குறைவு. நடுராத்திரி ஷிஃப்ட் முடிந்து ரயிலை நம்ப முடியாது, ஒரு பழைய காராவது வேண்டும்.

அம்மாவுக்காகவும் மாசன் லேக்ஸைத்தான் சொல்வேன். பெற்றோர் விசாவை இப்போதைக்கு மறந்துவிடு. பெரிய கட்டணம் கட்டும் வகைக்கே பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பு, கட்டணம் குறைந்ததற்கு முப்பது வருடத்துக்கும் மேல். அம்மா விசிட்டர் விசாவில்தான் வந்து வந்து போக வேண்டும். என் அம்மா முதல் தடவை வந்தபோது நாங்கள் வடக்கே ஒரு புதுக் குடியிருப்பில் இருந்தோம். பெரிய வீடு, ஆனால் வாசலில் நின்றால் ஆள் நடமாட்டமே கிடையாது. கடைக்குப் போகவும் கார்தான். பாவம், அம்மா நாலு மணிக்கே ஜன்னலில் வந்து நின்று எங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த தடவை அவர் வருவதற்குள் மாசன் லேக்ஸ் ஏரிப் பக்கம் மாறிவிட்டோம். சாயங்காலம் சேலையும் ஸ்வெட்டருமாக ஏரியைச் சுற்றப் போவார். அங்கே ஒரு பெஞ்சில் ஆந்திராப் பாட்டி ஒருவர், கேரளா அம்மா ஒருவர். ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொள்வார்கள், மருமகள்களைப் பற்றித்தான் என்று என் மனைவி சத்தியம் செய்கிறாள். ஊருக்குப் புறப்படும்போது அந்த ஆந்திரா அம்மா கோங்கூரா ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார்.

பாப்பா விஷயத்தில் அவசரம் இருக்கிறது. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசியில் தொடங்கும். பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் பள்ளி இறுதிச் சான்றிதழுக்கான படிப்பு. பத்தாம் வகுப்பின் தொடக்கத்துக்காவது வந்துவிட்டால் உச்சரிப்புக்கும் தோழிகளுக்கும் ஒரு வருடம் கிடைக்கும். அரசுப் பள்ளியில் வீட்டு முகவரியை வைத்துத்தான் இடம், ஆகவே பள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்.

வீடு வாங்கும் பேச்சு இப்போது வேண்டாம். 491 தற்காலிக விசா. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்க 2025 ஏப்ரலில் தடை போட்டார்கள், நீ வரும்போது அது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அடிலெய்டில் வீடு மலிவு என்பதும் பழைய பேச்சாகிவிட்டது. வாடகைக்கே அல்லாட வேண்டும். சனிக்கிழமை கால் மணி நேரம் வீட்டைத் திறந்து காட்டுவார்கள், வாசலில் வரிசை நிற்கும். புதிதாக வந்தவனிடம் பழைய வாடகைச் சான்று இருக்காது. வேலை உத்தரவும் வங்கி இருப்பும் கையில் இருந்தால் கொஞ்சம் எடுபடும். முன்பணம் வழக்கமாக நாலு வார வாடகை. அதுவரை எங்கள் வீட்டில் தங்குங்கள், பின்னறை சும்மாதான் இருக்கிறது. ஹோட்டல் என்று பேச்செடுத்தால் என் மனைவி உன்னோடு பேசமாட்டாள்.

வெயில் உனக்குப் புதிதல்ல. 2019 ஜனவரி 24 அன்று இங்கே 46.6 டிகிரி. ஆனால் வேர்க்காது, வறண்ட சூடு. குளிர்காலம்தான் நம்மவர்களை வாட்டும். பனி கிடையாது, ஆனால் வீடுகள் உள்ளே சில்லென்று இருக்கும். அம்மாவுக்கு நல்ல கம்பளி வேண்டும். ஒரு வசதி, சிங்கப்பூரில் ஒரே மாற்றத்தில் திருச்சியில் போய் இறங்கலாம். அவசரத்துக்கு ஊருக்கு ஓட வேண்டி வந்தால் அதன் அருமை தெரியும்.

மாநிலத்தின் பேரை எழுதும் முன் ஒரு தடவை பேசிவிடுவோம். இப்போது நாங்கள் உங்களைவிட நாலு மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஐந்து மணி நேரம். வருகிற ஞாயிறு உங்கள் காலை பத்து மணிக்குக் கூப்பிடு. தங்கச்சியும் அம்மாவும் பாப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும், எனக்கு அவர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்