இரண்டு வைத்தியமும் பார்க்கிறார்கள், இரண்டு பேரிடமும் மறைக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவேரிப்பட்டணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். முள் சீத்தாப்பழம் புற்றுநோயைக் கரைக்கும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்ததே, அதைப் படித்தேன். அந்த வாரம் கடைக்கு வந்தவர்களில் சிலர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, இந்தப் பவுடர் இருக்கிறதா, எவ்வளவு என்று கேட்டார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முள் சீத்தாவில் உள்ள சில பொருட்கள் ஆய்வகத்தில் வளர்த்த புற்று செல்களைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் நோயாளிகளுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்து, குணமானது என்று காட்டிய ஆய்வு இல்லை. உங்கள் கட்டுரையில் இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதே பழத்தில் அன்னோனாசின் என்று ஒன்று இருக்கிறது, அது நரம்பைத் தாக்கக்கூடியது. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக எடுத்துக்கொண்டவர்களிடம், வழக்கமான மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத பார்க்கின்சன் மாதிரியான நோய் அதிகமாகத் தெரிந்ததை மருத்துவர்கள் 1999லேயே எழுதிவிட்டார்கள். (நம் மலைகளிலிருந்து சீசனில் கூடை கூடையாக வருகிற சீத்தாப்பழம் வேறு, நான் சொல்வது அதை அல்ல.)

சரி, இதற்காக நாட்டு மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் கடையில் இங்கிலீஷ் மருந்தும் விற்கிறேன், சூரணமும் லேகியமும் விற்கிறேன். எனக்குப் பயமாக இருப்பது வேறு விஷயம். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் புற்றுநோய் வந்த குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு வைத்தியமும் பார்க்கிறார்கள், ஆனால் இரண்டு பக்கமும் சொல்லாமல் பார்க்கிறார்கள். கீமோ ஏற்ற சேலத்துக்கோ, அடையாறுக்கோ, பெங்களூரு கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போகிறார்கள். திரும்பி வரும் வழியில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாட்டு வைத்தியரிடம் மரப்பட்டைப் பொடியோ கஷாயமோ வாங்கிக்கொள்கிறார்கள். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைக்கிறார்கள். வைத்தியரிடமும் கீமோ போவதைச் சொல்வதில்லை, ஏனென்றால் "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் என் மருந்து வேலை செய்யும்" என்று சொல்கிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். கடைசியில் நோயாளி உடம்புக்குள் என்னென்ன போகிறது என்று முழுசாகத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு அம்மா, மார்பில் கட்டி, கீமோ நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை, அதாவது கவுண்ட், குறைவு, ஈரலுக்குப் பார்க்கிற டெஸ்டும் சரியில்லை என்று தேதியைத் தள்ளி அனுப்பினார்கள். அவர் மகள் மாத்திரை வாங்க வந்தபோது, வேறு ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டேன். பையிலிருந்து பெயரே ஒட்டாத ஒரு டப்பா வந்தது, கூடவே மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல், பச்சை அருகம்புல் சாறு, இன்னும் ஏதோ ஒரு செந்தூரம். ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சொன்னீர்களா என்றேன். "அவங்க கேக்கலையே அண்ணா" என்றார் அந்தப் பெண். எதனால் கவுண்ட் குறைந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, கீமோவே கவுண்ட்டைக் குறைக்கும். ஆனால் அந்தப் பட்டியல் தெரியாமல் டாக்டராலும் சொல்ல முடியாதே.

மிளகையும் மஞ்சளையும் எடுத்துக்கொள்ளுங்கள், நம் ரசத்தில் தினமும் இருப்பதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் லேசில் ரத்தத்தில் சேராது. மிளகில் உள்ள பைப்பெரினைச் சேர்த்தால் 20 மடங்கு சேர்கிறது என்று 1998ல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள். அதே பைப்பெரின் ஈரல் மற்ற மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேலையையும் மந்தமாக்கக்கூடும், அப்படியானால் கீமோ மருந்தின் அளவும் உடம்பில் மாறலாம். ரசத்தில் இருக்கிற அளவுக்குப் பயப்பட வேண்டாம். கேப்ஸ்யூலில் செறிவாக வருகிறதே, அதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அருகம்புல் சாறும் அப்படித்தான், வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் கொதிக்க வைக்காத எந்தப் பச்சைச் சாற்றிலும் கிருமி பயம் உண்டு.

இரண்டு வைத்தியமும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் சீனாவில் இருக்கிறது. நம் சித்தர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்கிற ஆர்செனிக்கை அங்கேயும் காலங்காலமாக மருந்தாக வைத்திருந்தார்கள். 1970களில் வடக்கே ஹார்பின் நகரத்து மருத்துவர்கள், ஒரு நாட்டு வைத்தியர் புற்றுக்குக் கொடுத்துவந்த கலவையைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். அதில் ஆர்செனிக், பாதரச உப்பு, தேரை விஷம் எல்லாம் இருந்தன. அவர்கள் அதைக் கேலி செய்யவும் இல்லை, அப்படியே விழுந்து கும்பிடவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சோதித்து, வேலை செய்வது ஆர்செனிக்தான் என்று கண்டார்கள், எந்தப் புற்றுக்கு என்றும் கண்டார்கள், ஏபிஎல் என்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு. அப்புறம் அளவை நிர்ணயித்து ஊசியாக ஏற்றினார்கள். 2000ல் அமெரிக்க அரசின் அனுமதியும் அதற்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் சில நாட்களிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் அந்த நோயில், இன்று ஆர்செனிக்கும் வைட்டமின் ஏ வகை மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். ஆனால் அந்த ஊசி போடும்போது இதயத் துடிப்பை ஈசிஜியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ரத்தத்தில் உப்புச் சத்தை அளக்க வேண்டும். அதே பாஷாணம், சுத்தி (நஞ்சைக் குறைக்கும் சுத்திகரிப்பு) செய்ததா, எத்தனை மில்லிகிராம், எந்தப் புற்றுக்கு என்று ஒன்றும் தெரியாமல் பெயரில்லாத டப்பாவில் வந்தால், அதை மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். பாலே தோலில் பட்டால் கொப்புளிக்கிற சேராங்கொட்டையும் அப்படித்தான், நல்ல சித்த மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள், அவரே முதலில் சுத்தி முறையைப் பற்றித்தான் பேசுவார்.

நம் வேலியோரத்து நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் ஏற்றுகிறார்கள். சர்க்கரைக்கு நல்லது என்ற நாட்டு வழக்கைச் சோதிக்கப் போன கனடா ஆய்வாளர்கள் 1950களில், அது வெள்ளை அணுவைக் குறைப்பதைப் பார்த்தார்கள், அங்கிருந்து தொடங்கியது. நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் அளவில் கிடைக்கும் மருந்து அது. வீட்டில் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் அந்தப் பலன் வராது, ஆபத்து மட்டும் வரலாம்.

வெளிநாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகள் ஒருங்கிணைந்த சிகிச்சை என்று எதைச் செய்கிறார்கள் என்றால், கட்டியைக் கரைக்க ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு), அதை விடுவதில்லை. நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் 1999லிருந்து இதற்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. நோயாளி சிகிச்சையைத் தாங்கிக்கொள்ள உதவுவதைச் சோதித்து எடுக்கிறார்கள். இஞ்சியை 2012ல் 576 நோயாளிகளிடம் பார்த்தார்கள், வாந்தி மாத்திரையோடு சேர்த்து அரை முதல் ஒரு கிராம் வரை எடுத்தவர்களுக்கு கீமோ ஏற்றிய நாளில் குமட்டல் குறைந்தது. ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு வரும் மூட்டுவலிக்கு அக்குபங்சர் பலன் தருகிறது என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே எழுதிவைத்திருக்கிறது. யோகா விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், ஓசூரைத் தாண்டி ஜிகணியில் இருக்கிற யோகா பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையும் சேர்ந்து, கரண்ட் வைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் சோதித்து 2014ல் முடிவை வெளியிட்டார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் தெம்பு யோகா செய்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. இதில் எதுவும் கட்டியைக் கரைக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டு, சிகிச்சையையும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் எண்ணிக்கையே கொடுத்திருக்கிறார்கள். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவம் மட்டும் போதும் என்று போன 281 பேரைப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களைப் பற்றி 2018ல் தனியாக எழுதினார்கள், அவர்களுக்கும் ஆபத்து இரு மடங்கு. காரணம் பெரும்பாலும் மூலிகை இல்லை, அவர்களில் நிறையப் பேர் ஆபரேஷனையோ கீமோவையோ கரண்ட்டையோ வேண்டாம் என்றுவிட்டார்கள். நம் ஊரில் "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று சதை எடுத்து டெஸ்ட் பண்ணவே விடாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்களே, அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

பத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டை கூடாது, பால் கூடாது, இனிப்பு கட்டிக்குத் தீனி, நிலக்கடலை சூடு என்று ஆளாளுக்குச் சொல்லி, நோயாளி கஞ்சித் தண்ணியில் நிற்கிறார். எடை இறங்கினால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும், தேதி தள்ளும். வாய்ப்புண் இல்லாதவரை களியும் கீரையும் கொள்ளும் முட்டையும் வயிறாரக் கொடுங்கள் என்று சொல்ல ஆஸ்பத்திரியிலும் நேரம் கிடைப்பதில்லை, வைத்தியரும் சொல்வதில்லை.

உங்கள் பத்திரிகைக்கு இரண்டு விஷயம். முள் சீத்தா கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள், அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு இடத்தில். அப்புறம் விளம்பரம். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் இருக்கிறது. பத்திரிகைகளில் வரும் வரி விளம்பரங்கள் அதைத் தாண்டிப் போகின்றன. கட்டுரை வேடத்தில் வருவதை வாசகர் விளம்பரம் என்று தெரிந்துகொள்ளவே முடிவதில்லை.

மாவட்ட சுகாதாரத் துறைக்கும் ஒன்று கேட்கிறேன், இதையும் பிரசுரியுங்கள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கிறது, அலோபதியும் இருக்கிறது, நடந்தால் இரண்டு நிமிடம். புற்றுநோயாளியின் நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டு பேருக்கும் பொதுவாக ஒதுக்குங்கள். டாக்டர் என்ன ஏற்றுகிறார் என்று எழுதட்டும், சித்த மருத்துவர் எதைக் கொடுக்கலாம், எதை இப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதட்டும். திட்டாமல் கேட்டால் மக்கள் சொல்லிவிடுவார்கள், எனக்கே சொல்கிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்கி வைக்காமல் முதலிலேயே தொடங்கட்டும். 2010ல் நுரையீரல் புற்று முற்றிய 151 பேரிடம் பார்த்ததில், அப்படித் தொடங்கியவர்கள் சராசரியாக 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், அதில் இப்படி வலி தணிக்கும் நோய் ஆதரவு சேவையும் உண்டு. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் ஊழியர், கூடவே வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு அந்தப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகலாம். அஞ்செட்டிக்கும் சித்தேரிக்கும் எப்படியும் போகிறார்கள், இதற்கென்று தனியாக ஆள் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.