மஞ்சள் இலையையும் எண்ண விடுங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் நடுவர்களாக அமரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கமுங்க. ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வெள்ளாமை செய்கிறவன் நான். எட்டாவது படிக்கும் என் பேத்தி போன கண்காட்சிக்கு ‘இயற்கையில் பிபனாச்சி எண்கள்’ என்று ஓர் அட்டை எழுத உட்கார்ந்தாள். 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக் கூட்டிப் போகும் வரிசை அது. “ஏனுங் அப்புச்சி, எல்லாச் செடியும் 137.5 பாகை திரும்பித்தான் அடுத்த எல விடுமாமா. நம்ம காட்டுல பாக்கலாமுங்களா?” என்று கேட்டாள்.

பாகைமானியை எடுத்துக்கொண்டு போனோம். மஞ்சளில் ஓர் இலை இந்தப் பக்கம் விட்டால் அடுத்தது நேர் எதிர்ப்பக்கம் விடுகிறது, 180 பாகை. கரும்பும் சோளமும் அதே மாதிரி. துளசி சோடி சோடியாக விடுகிறது, அடுத்த சோடி அதற்குக் குறுக்கே. வாசலில் நிற்கும் இட்லிப்பூவுக்கு நாலு இதழ், கடுகுப் பூவுக்கும் நாலு. நாலு அந்த வரிசையிலேயே கிடையாது. செம்பருத்திக்கும் எருக்குக்கும் ஐந்து, பொருந்தியது. சந்தையில் ஓர் அன்னாசி வாங்கி, கண்களின் வரிசைமேல் மையால் கோடு போட்டு எண்ணினோம். சாய்ந்து ஏறும் வரிசைகள் ஒரு பக்கமாக 8, மறுபக்கமாக 13. அந்தப் பிள்ளை குதித்த குதி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பொருந்தியதை ஒரு பத்தியிலும் பொருந்தாததை இன்னொரு பத்தியிலும் எழுதி வைத்தாள். பார்வையிட வந்த நடுவர், “இது இயற்கையோட சூத்திரம்மா, பொருந்தாததையெல்லாம் எதுக்கு எழுதுனே?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். பக்கத்து மேசையில் நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் சங்குப் படத்தை ஒட்டி ‘தங்கச் சுருள்’ என்று எழுதிய அட்டைக்குப் பரிசு. அன்றைக்கு நிறுத்தியவள் இன்றுவரை எதையும் எண்ணவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் சங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிபனாச்சி வரிசையில் ஓர் எண்ணை அதற்கு முந்தையதால் வகுத்துக்கொண்டே போனால் நெருங்கி வருவது 1.618, அதுதான் தங்க விகிதம். அந்த விகிதத்தில் கால் சுற்றுக்கு ஒரு முறை பெருகும் சுருள், ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய ஏழு மடங்காகிவிடும். நாட்டிலஸ் ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்று மடங்குதான் விரிகிறது. எவ்வளவு வளர்ந்தாலும் வடிவம் மாறாத சுருள்கள் இரண்டும். அந்தச் சாயலில்தான் ஏமாந்து போகிறோம். படத்தின்மேல் அளவுகோலை வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்படியானால் எல்லாமே கதையா? இல்லைங்க, உண்மை கதையைவிட அழகாக இருக்கிறது. தளிர் நுனியில் புது மொட்டு, முன்னே வந்தவற்றின் நெருக்கம் எங்கே குறைவோ அங்கே முளைக்கிறது. 1992-ல் பிரான்சில் டுவாடி, கூடே என்ற இரண்டு இயற்பியலாளர்கள் காந்தத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஒரு தட்டில் விட்டார்கள். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடிய சொட்டுகள், போதுமான வேகத்தில் விழுந்தபோது, 137.5 பாகையை ஒட்டிய கோணத்தில் தாமாகவே சுருளாக அமைந்தன. வட்டத்தைத் தங்க விகிதத்தில் இரண்டாகப் பிரித்தால் வரும் சிறிய கோணம் அது. செடியும் இல்லை, உயிரும் இல்லை, சொட்டுகளில் யாரும் சூத்திரம் எழுதி வைக்கவும் இல்லை. ஒன்றையொன்று விலக்கும் வேலை மட்டும் போதுமானதாக இருந்தது.

சூரியகாந்தியின் விதைச் சுருள்களை எண்ணினாலும் பிபனாச்சி எண்கள் நிசமாகவே உண்டு. கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங் கடைசிக் காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. அவர் நினைவாக இங்கிலாந்தில் தொடங்கிய முயற்சியில் பொதுமக்கள் வளர்த்த 657 பூக்களின் கணக்கு 2016-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பெரும்பாலான பூக்களில் பிபனாச்சி எண்களே. சிலவற்றில் வேறு வரிசைகள், சிலவற்றில் எந்த ஒழுங்குக்கும் அடங்காத எண்ணிக்கை. அடங்காததையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். என் பேத்தி போட்ட இரண்டாவது பத்தியும் அதுதானுங்க.

அடுத்த கண்காட்சியில் பிள்ளைகளிடம் எதை எண்ணினாய், எத்தனை எண்ணினாய், எது ஒத்து வரவில்லை என்று கேளுங்கள். கோடு போட்ட அன்னாசியைக் கொண்டுவரும் பிள்ளைக்கு, வழவழப்பான படத்தைவிட ஒரு மதிப்பெண்ணாவது கூடப் போடுங்கள்.

மஞ்சக் காட்டு வரப்பில் இருபது சூரியகாந்தி விதை ஊன்றியிருக்கிறேன். பூத்ததும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். நீங்களும் வந்து எண்ணலாமுங்க.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்து மஞ்சள் விவசாயி ஒருவர்