வாஷரை எடுத்துக் கொடுத்த என் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று சோப் பாக்ஸ் டெர்பி என்ற சரிவு வண்டிப் பந்தயம் முடிந்து திரும்பும் வழியெல்லாம் நீ வாயே திறக்கவில்லை. தூங்கப் போகும்போது மட்டும், "0.04 நொடிதானேப்பா" என்றாய். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதான் எழுதுகிறேன்.

முதல் ஓட்டத்தில் 0.02 நொடியில் ஜெயித்தாய். அப்புறம் தடத்தையும் சக்கரங்களையும் பக்கத்து வண்டியோடு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். "ஜெயிச்ச சக்கரத்தை நான் ஏன் கொடுக்கணும்?" என்று உனக்குக் கோபம். வண்டிக்கு எஞ்சின் கிடையாது, சரிவுதான் இழுக்கிறது. நல்ல சக்கரமோ நல்ல தடமோ ஒருவருக்கே வாய்த்துவிடக் கூடாது என்றுதான் அந்த விதி. நான் விளக்குவதற்குள் நீயே பின்னை உருவிச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாய். பக்கத்து வண்டிப் பையனுக்குக் கை நடுங்கியது. அவன் கையிலிருந்து சக்கரத்தின் வாஷர் வளையம் நழுவிப் புல்லுக்குள் உருண்டது. நீ மண்டியிட்டுத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுத்தாய். நேற்று நான் பார்த்ததிலேயே பெரிய விஷயம் எனக்கு அதுதான்.

இரண்டாவது ஓட்டத்தில் பாதி வழியில் தலையைத் தூக்கி, அவன் எங்கே வருகிறான் என்று பார்த்தாய். தலை எழும்பினால் காற்று தடுக்கும், ஸ்டியரிங்கும் லேசாக ஆடும். அந்த ஓட்டத்தில் 0.06 நொடியில் தோற்றாய். இரண்டு ஓட்டத்தையும் கூட்டிக் கழித்தால் நீ தோற்றது நீ சொன்ன அந்த 0.04 நொடியில்தான்.

நம் ஓஹையோ மாநிலத்தில் 1933-ல் டேட்டன் நகரப் பையன்கள் தாங்களே செய்த வண்டிகளைச் சரிவில் உருட்டி விளையாடியதை மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் பார்த்தார். அதிலிருந்துதான் 1934-ல் அகில அமெரிக்கப் பந்தயம் பிறந்தது, மறு வருடமே இதே மாநிலத்து ஆக்ரன் நகருக்குப் போனது. பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது 1971-ல்தான். 1975-ல் ஆக்ரனில் ஒரு பெண்ணே ஜெயித்தாள். நேற்று நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது இதெல்லாம் என் நினைவில் ஓடியது.

ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. வண்டியின் பாகங்களைப் பூட்டிய நாட்களில் "நான் முடுக்குறேன்ப்பா" என்று நீ எத்தனை தடவை கேட்டாய்! நேரமாகிறது என்று ஒவ்வொரு தடவையும் உன் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கினேன். தப்பு என்னுடையது.

பிரேக்கின் ரப்பர் கட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். ஸ்பானர் உன் மேஜை மேல் இருக்கிறது. சனிக்கிழமை நீ மாற்று, நான் விளக்கைப் பிடிக்கிறேன்.

அப்பா